முதல் கவளம்

நடுகல் நின்ற இடத்தில் குழி மட்டும் இருந்தது. குழியைச் சுற்றி ஆசலோத் குலமே நின்றுகொண்டிருந்தது. முறைத்துப் பார்த்தால் கல் பயந்துபோய்த் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, அத்தனை மீசைகளும் குழியையே பார்த்தன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமிகளா. குழியை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பு வேண்டுமே! நிம்பாசர் கோட்டையில் முந்தாநாள் விடிந்ததிலிருந்து பெரியவர்கள் ஒருவரும் ஒரு பருக்கை தின்னவில்லை. குலத்தைத் தொடங்கிவைத்த ஆசல் பாட்டன் ஏரிக்கரையில் கல்லாக நிற்கிறார். காலையில் அவருக்கு முதல் கவளம் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வாயில் சோறு போகும். அவரையே காணோம் என்றால் எங்கே வைப்பது, எப்படித் தின்பது? அபின் கரைத்த தண்ணீரில்தான் குலம் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டைத் தலைவரான ராவத்தின் சித்தப்பா தேஜ்சி ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். ஈட்டியை உருவினால் கிழவர் விழுந்துவிடுவார். ராவத் கீம்சி மட்டும் எதிலும் சாயாமல் நிமிர்ந்து நின்று தாடியை நீவிக்கொண்டிருந்தார்.

"கேத்தா, வாயை மூடிட்டுத் தண்ணித் தோல்பையைப் பிடி," என்றாள் தாபு.

பிடித்தேன். நான் மேளக்காரன். பெரிய வீட்டு வாசலில் நின்று அவர்கள் வம்சத்தைப் பாடினால் எனக்குச் சோறு. ஒரு வீட்டில் வாய் தவறி நிஜத்தைப் பாடிவிட்டேன், அன்றிலிருந்து தாபுவோடு சுற்றுகிறேன். தாபு ஒட்டகம் மேய்க்கிற ராய்க்கா கூட்டத்துப் பெண், மண்ணில் விழுந்த காலடியைப் பார்த்து ஆளைச் சொல்லுகிறவள். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால், போதும் என்ற அர்த்தத்தில் அவளுக்குத் தாபு என்று பெயர் வைத்தார்களாம். அவளிடம் மாட்டிய திருடர்களும் அதையேதான் சொல்வார்கள்.

அவள் குழியருகே குந்தினாள். வேப்பமரத்தில் தூலாவைக் கட்டிவைத்திருந்தார்கள். மலையிலிருந்து வரும் பீல் பழங்குடி இளைஞன். கல் காணாமல்போன விடியலில் குழியருகே பிடிபட்டவன். கீம்சி பட்டத்துக்கு வந்த நாளில் தன் கட்டைவிரலைக் கீறி அந்த ரத்தத்தால் அவர் நெற்றியில் திலகம் இட்டது இவனுடைய அப்பன்தான். மலைக்காரன் ரத்தம் நெற்றியில் படாமல் நிம்பாசரில் யாரும் ராவத் ஆனதில்லை. நேற்றே தூலாவின் தலை போயிருக்க வேண்டும். தடுத்தவர் ஈசர்தான் என்ற சாரணர்.

வம்சப் பாட்டுக் கட்டுகிற புலவர் அவர், பெண்வீட்டுக்காரர். சாரணர்மேல் கை வைத்தால் வம்சமே பட்டுப்போகும் என்று அரசர்களே நடுங்குவார்கள். விர்மாவத் குலத்துப் பெண்ணை ராவத்தின் மகனுக்குப் பேசி, சம்மதத் தேங்காயோடு வந்திருந்தார். விர்மாவத்துகளின் வம்சப் பாட்டு சூரியனில் தொடங்கும். ஆசலோத்துகளின் பாட்டு ஆசலோடு நின்றுவிடும். அதற்கு மேலே போனால் மாடுதான் வரும் என்று ஊரில் கேலி உண்டு. தேங்காயை மாப்பிள்ளைவீட்டு மூதாதைக் கல்லின் முன்னால்தான் கொடுக்க வேண்டும். கல் இல்லை, அதனால் தேங்காய் சாரணரின் மடியிலேயே இருந்தது.

"தடம் பாக்கறவ வரட்டும். அந்தி சாயறதுக்குள்ள அவ வேற ஆளைக் காட்டலேன்னா, இவன் தலை உங்க இஷ்டம்," என்று சாரணர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இப்போது பொழுது உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

தாபு எழுந்தாள்.

"இது தூலாவோட கால். பெருவிரல் வெளியே பிதுங்கியிருக்கு. வர்றப்ப எவ்வளவு ஆழமோ, போறப்பவும் அவ்வளவுதான். ஆளுயரக் கல்லைத் தூக்கினவன் கால் புதைஞ்சிருக்க வேணாமா?"

"இழுத்துட்டுப் போயிருப்பான்," என்றார் ராவத். வெண்கலக் குரல்.

"இழுத்துத்தான் போயிருக்காங்க ஹுகும். அப்புறம் முள்ளுக் கிளையால கூட்டி அழிச்சிருக்காங்க. ஆனா தூலா கால் அந்தக் கூட்டின கோட்டுக்கு மேல விழுந்திருக்கு. கல்லு போனதுக்கு அப்புறம்தான் இவன் வந்திருக்கான்."

சாரணர் தூலாவின் பக்கம் திரும்பினார். "விடியக்காலைல உனக்கு இங்க என்னடா வேலை?"

"தினமும் வர்றதுதான் பாவ்ஜி. கல்லுக்கு ஒரு மடக்கு இலுப்பைச் சாராயம் ஊத்திட்டுப் போவேன். அதுல எங்க பாட்டனும்…"

"குடிகாரப் பேச்சு!" ராவத் குரல் உயர்ந்தது. "கல்லைக் காட்டுடா, கழுத்து தப்பும்!"

தாபு போகிற போக்கில் தூலாவிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள். அவன் தலையாட்டினான்.

கூட்டி அழித்த தடம் கோட்டை வாசல் வரைக்கும் வந்தது. அங்கே வெறும் பாறை. பாறையில் தடம் ஏது?

"அவ்வளவுதானா? உன் வேலை முடிஞ்சுதா?" என்றார் ராவத்.

"கொஞ்சம் நிழல்ல உக்காந்து யோசிக்கிறேன் ஹுகும்."

"அந்தி வரைக்கும் யோசி. யாரு வேணாங்கறா?"

வாசல் நிழலில் உட்கார்ந்தோம். தாபு தண்ணீர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பசிக்குதா கேத்தா?"

"குடல் கத்துது. ஆனா பட்டினிக்காரங்க நடுவுல ரொட்டி கேக்க எனக்கே கூச்சமா இருக்கு. அப்படின்னா பாத்துக்கயேன்."

"தேஜ்சி எப்படி நிக்கிறாரு?"

"ஈட்டி நிக்குது. அவரு தொங்கறாரு."

"ராவத்?"

வெண்கலக் குரல். இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் குரலா அது?

"தாடியை நீவினாரே, எதுக்கு?" என்றாள் தாபு. "நெய்யு. ஒரு கம்பு ரொட்டித் துணுக்கு வேற ஒட்டியிருந்துச்சு. நான் பாத்தேன்னு அவரு பாத்துட்டாரு. அதான் நீவி விட்டாரு."

"கள்ளத்தனமா தின்னிருக்கான்! சரியான ஆளு! ஊரே பட்டினி, இவனுக்கு மட்டும் ரொட்டியும் நெய்யும்!"

"அங்கதான் நீ தப்பு பண்றே. கீம்சி பொய் சொல்லுவான், கழுத்தை அறுப்பான், கூடப்பிறந்தவனை வித்துட்டு வருவான். ஆனா பாட்டனுக்கு வெக்காம ஒரு கவளம் தின்னமாட்டான். தின்னா குலமே கருகிடும்னு அடிவயித்துலேருந்து நம்பறவன். அவன் தின்னிருக்கான்னா, வெச்சிட்டுத்தான் தின்னிருக்கான்."

"அப்போ கல்லு எங்க இருக்குன்னு…"

"தெரியும். இன்னிக்குக் காலைல அதுக்கு முன்னால உக்காந்திருக்கான்."

"ஒளிச்சவன் உடைச்சுத் தொலைச்சிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போகுது?"

"பாட்டனை எப்படிடா உடைப்பான்?" என்றாள் தாபு. அதை அவள் ஒரு மரியாதையோடு சொன்னாள். மனிதர்கள் எதை எல்லாம் செய்ய மாட்டார்கள் என்பதை வைத்துத்தான் அவள் இதுவரை எல்லாத் திருட்டையும் கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கும் அது பிடித்திருந்தது. தூலா பிழைத்தான் என்று அந்த நிமிஷம் முழு மனதாக நம்பினேன்.

தாபு நேராகச் சாரணரிடம் போனாள்.

"பாவ்ஜி, கல்லை மனுசங்க மட்டும் இழுத்திருக்க முடியாது. கோட்டையில இருக்கிற மாடு, குதிரை எல்லாத்தோட குளம்பையும் பாக்கணும்."

"மாட்டுக் கொட்டில் பாத்துக்க," என்றார் ராவத் அவசரமாக. "லாயம் வேணாம். புதுக் குதிரைங்க, உதைக்கும்."

"நான் உதை வாங்கிப் பழகினவதான் ஹுகும்."

"பாக்கட்டுமே," என்றார் சாரணர்.

லாயத்தில் பாதி இடம் காலியாக இருந்தது. பெண்வீட்டார் பார்க்க வாங்கிய குதிரைகள் முன்வரிசையில் மினுமினுத்தன. கடைக்கோடியில் நொண்டிப் பெட்டை ஒன்று வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றது. தாபு குளம்பு எதையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"வெறுங்கால்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "செருப்புப் போட்டே பழகின கால். விரலெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு. குதிரைச் சாணிக்கு நடுவுல செருப்பைக் கழட்டிட்டு எவன்டா நடப்பான்?"

"சாமி கும்பிடப் போறவன்."

"இன்னிக்குத்தான் உருப்படியா பேசியிருக்கே. அங்க பாரு."

எறும்பு வரிசை. ஒவ்வொன்றும் வாயில் ஒரு பொடியைக் கவ்விக்கொண்டு வைக்கோல் போருக்குள்ளிருந்து வந்தது. தாபு ஒரு பொடியை விரலில் எடுத்து எனக்கு நீட்டினாள். கம்பு ரொட்டி, நெய், வெல்லம். நொறுக்கிப் பிசைந்த சூர்மா.

"இந்தக் கோட்டையிலே நிஜம் பேசற ஜீவன் இதுங்கதான்," என்றேன்.

வைக்கோலை நானே இழுத்துத் தள்ளினேன். கூட்டம் பின்னால் வந்து நின்றது. சுவரில் சாய்த்துவைத்த ஆளுயரக் கல் வெளியே வந்தது. நெற்றியில் செந்தூரம் இன்னும் ஈரம். காலடியில் இலை, இலையில் அன்று காலை வைத்த சூர்மா. மேலே சூரியனும் சந்திரனும். நடுவில் ஓர் ஆள், இடுப்பில் முழத்துணி, தோளில் மாட்டுக்கோல். அவன் பின்னால் ஒரு பசு திரும்பிப் பார்த்தது. அவன் தோளோடு தோள் உரச இன்னொருவன், கையில் வில்.

குதிரை இல்லை. வாள் இல்லை. ஆசல் மாடு மேய்த்தவர். மாடு ஓட்ட வந்தவர்களை எதிர்த்து ஒரு மலைக்காரனோடு சேர்ந்து செத்தவர். அவர் வழிவந்த பேரன் ராவத். சூரியன் வம்சத்தில் பெண் எடுக்கப்போகும் ராவத்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்வீட்டாருக்கு இந்தக் கல்லைக் காட்ட முடியாது. உடைக்கவும் முடியாது. ஒளித்துவைத்துச் சோறு போட்டிருக்கிறார். பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கல்லில் வில்லோடு நிற்பவனின் பேரனே விடியற்காலையில் வந்து மாட்டிக்கொண்டான்.

"தூலாவோட கட்டை அவுத்து விடுங்க," என்றாள் தாபு. "கல்லு கோட்டைக்குள்ளயேதான் இருந்துருக்கு. சூர்மா வெச்சது யாருன்னு நான் சொல்லணுமா? சொல்றேன். அவரு வெறுங்காலை இந்த மண்ணுல ஒரு தடவை வெக்கச் சொல்லுங்க."

சாரணர் கல்லை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கீம்சியைப் பார்த்தார். ராவத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. இந்த ஆளைப் பார்த்தால் பாவமாகக்கூட இருந்தது எனக்கு.

"தேஜ்சி," என்றார் சாரணர் மெதுவாக. "இவரா உங்க மூதாதை?"

பிறந்ததிலிருந்து அந்தக் கல்லுக்கு எண்ணெய் தடவிய மனிதர் தேஜ்சி. பசியில் கண் உள்ளே போயிருந்தது. கல்லைப் பார்த்தார். லாயத்தில் வரிசையாக நின்ற புதுக் குதிரைகளைப் பார்த்தார். சாரணரின் மடியில் இருந்த தேங்காயைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "எங்க பாபோஜி குதிரை மேல இருப்பாரு."

என் காது சரியாகத்தான் கேட்டதா?

"நீ சொல்லு," என்றார் சாரணர், அடுத்தவனிடம்.

"குதிரைதான் பாவ்ஜி. கையில ஈட்டி."

"வெள்ளைக் குதிரை," என்றான் இன்னொருவன். கல்லில் வெள்ளை எது, கறுப்பு எது?

"அடப்பாவிங்களா!" என்று கத்தினேன். "உங்க வீட்டுப் பாட்டே சொல்லுதே! 'கோலூன்றி நின்றான் ஆசல், கோமாதா பின்னிருக்க'ன்னு எத்தனை தடவை என் வாயால பாடவெச்சுக் கேட்டிருக்கீங்க!"

"மேளக்காரனுக்குப் பாட்டு மறந்துபோச்சு," என்றார் தேஜ்சி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

சாரணர் தூலாவைக் கொண்டுவரச் சொன்னார். கை கட்டியபடியே இழுத்துவந்தார்கள். தாபு அவனிடம் காலையில் முணுமுணுத்தது என்ன என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறாள். தூலா வாயைத் திறக்கவில்லை. கல்லைப் பார்த்தான். காணாமல் போன தகப்பனைப் பார்த்தவன்போல முகம் மலர்ந்தது. மண்டியிட்டு, கட்டிய கைகளை முன்னால் நீட்டி, நெற்றி மண்ணில் பட விழுந்து கும்பிட்டான்.

அந்த லாயத்தில் அந்தக் கல்லைக் கும்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

"பாத்தீங்களா பாவ்ஜி?" ராவத்துக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "இது அவனுங்க கல்லு! வில்லு இருக்கு, பாருங்க! எங்க கல்லைத் தூக்கிட்டு, இவன் பாட்டன் கல்லை என் லாயத்துல கொண்டுவந்து ஒளிச்சிருக்கான். சூர்மாவும் இவனே வெச்சதுதான். இல்லேன்னா எதுக்கு விழுந்து கும்பிடறான்?"

"ஆமா, ஆமா," என்றது குலம். பட்டினி கிடந்த தொண்டைகளிலிருந்து எவ்வளவு பெரிய சத்தம்!

தாபு சாரணரின் எதிரே போய் நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளக்கூட இல்லை.

"உங்களுக்குத் தெரியும் பாவ்ஜி."

"தெரியும்மா," என்றார் அவர் தணிந்த குரலில். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "எங்க எசமானுக்கு வர்ற குளிர்காலத்துல சண்டை இருக்கு. கீம்சியோட ஈட்டிக்காரங்க இல்லேன்னா கோட்டை போயிடும். மாடு மேய்ச்சவன் பேரனுக்குப் பொண்ணு குடுத்தா சொந்தக்காரன் எவனும் எங்க பந்தியில உக்கார மாட்டான். குதிரைக்காரன் பேரன்னா உக்காருவான்."

"அதுக்கு இந்தப் பையன் உசுரு?"

"சூரியன்ல தொடங்கற எங்க பாட்டு இருக்கே, அதை என் பாட்டன்தான் கட்டினாரு. அதுக்கு முன்னால எங்க எசமானுங்க கல்லுல என்ன இருந்துச்சோ, யாரு பாத்தா? அந்தக் கல்லுக்கும் எவனோ ஒருத்தன் உசுரு போயிருக்கும்."

அவர் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தடம் பாக்கறவ வேற ஆளைக் காட்டலை."

தூலாவுக்கு அப்போதும் புரியவில்லை. தாபுவைப் பார்த்துச் சிரித்தான். கல் கிடைத்துவிட்டது, இனிமேல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறான். வெளியே இழுத்துப்போகும்போதுதான், "அக்கா, நான் பேசவே இல்லையே!" என்று கேட்டான். அந்தக் குரலை நான் எந்தப் பாட்டிலும் வைக்க முடியாது. அந்தி சாய்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கோட்டைச் சுவரிலிருந்து அவனைத் தள்ளிவிட்டார்கள். பசி வேறு. யாருக்கும் காத்திருக்கப் பொறுமையில்லை.

"கிளம்பலாம் அக்கா," என்றேன்.

"இல்ல. காலைல கல்லு நடுவாங்க. முதல் கவளம் வெப்பாங்க. நான் அதைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"ஊரு பொய் சொல்லும். தொண்டை சொல்லாது. சொந்தப் பாட்டனை லாயத்துல விட்டுட்டு எவனோ குதிரைக்காரனுக்குச் சோறு வெச்சிட்டு, கீம்சியால முழுங்க முடியாது. அடைக்கும். எல்லாரு முன்னாலயும் அடைக்கும். தூலாவுக்கு உசுரு வராது. பேராவது மிஞ்சும்."

காலையில் ஏரிக்கரைக்குப் போனோம். குழியில் புதுக் கல் நின்றது. தாவுகிற குதிரை, மேலே முறுக்கு மீசை, கையில் ஈட்டி. ஒரு சிற்பி மாதக்கணக்கில் செதுக்கவேண்டிய குதிரை விடிவதற்குள் எப்படி வந்தது என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை. சாரணர் அதன் முன்னால் தேங்காயைக் கொடுத்தார். என்னை மேளம் அடிக்கச் சொன்னார்கள், கை வலிக்கிறது என்றேன்.

ராவத் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சூர்மாவைப் பிசைந்து முதல் கவளத்தைக் கல்லின் முன்னால் இலையில் வைத்தார். கும்பிட்டார். இரண்டாவது கவளத்தை உருட்டினார். கை வாய்க்கு முன்னால் வந்து நின்றது.

தாபு என் முழங்கையை இறுகப் பிடித்தாள்.

ராவத் வாயைத் திறந்தார். போட்டார், மென்றார், விழுங்கினார். இன்னொரு கவளம். இன்னொன்று. "நெய் கொஞ்சம் ஊத்துங்கடா," என்றார். தேஜ்சி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளித் தின்றார். கரை முழுக்க மெல்லுகிற சத்தம் கேட்டது. தாபு கடைசிவரை நின்று பார்த்தாள். ராவத் விரலை நக்கிவிட்டு எழுந்த பிறகுதான் என் முழங்கையை விட்டாள்.

"இனிமே எதை வெச்சுடா கண்டுபிடிப்பேன்?" என்றாள்.

கோட்டை வீட்டிலிருந்து எங்களுக்கும் ரொட்டி கட்டிக் கொடுத்திருந்தார்கள். போகிற வழியில் லாயத்தைத் தாண்டினோம். கதவு திறந்திருந்தது. ஆசல் அதே சுவரில் சாய்ந்து நின்றார், வைக்கோல்கூட மூடவில்லை. காலடியில் வெறும் இலை. எறும்புகள் கடைசித் துணுக்கையும் கொண்டுபோய்விட்டன. வரிசையைக் காணோம்.

நான் மூட்டையை அவிழ்த்தேன். ரொட்டியில் ஒரு விள்ளல் பிய்த்து உள்ளே காலெடுத்து வைத்தேன். வாசலில் நின்ற காவல்காரன் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தான்.

"வெக்காதே," என்றாள் தாபு, உதடு அசையாமல். "வெச்சா, நீயும் தூலாவோட ஆளுன்னுடுவாங்க."

காவல்காரன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விள்ளலை என் வாயில் போட்டுக்கொண்டேன். கம்பு ரொட்டி, நெய் தாராளமாக இருந்தது. தொண்டையில் சுலபமாக இறங்கிவிட்டது.